கண்ணாடியும் 'பிரேக்', காய்ச்சலும் 'பிரேக்': ஓர் ஆங்கில வினையின் நேர்ப்பொருளும் உருவகப் பொருளும்

ஆங்கிலத்தில் லிஃப்ட் 'பிரேக்' ஆனால் படியேறிப் போக வேண்டும். காய்ச்சல் 'பிரேக்' ஆனால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஒரே சொல்தான். ஓரிடத்தில் கெட்ட செய்தி, இன்னோரிடத்தில் நல்ல செய்தி. ஆங்கிலம் புதிதாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

அகராதியைத் திறந்தால் 'பிரேக்' என்ற வினைக்குப் பத்தி பத்தியாகப் பொருள் போட்டிருக்கும். "எல்லாவற்றையும் மனப்பாடம் செய்" என்பார் ஒருவர். "முதலில் இருப்பதுதான் உண்மையான பொருள், மற்றதெல்லாம் அலங்காரம்" என்பார் இன்னொருவர். முதல் யோசனை ஆளைச் சோர்வடைய வைக்கும். இரண்டாவது யோசனை தவறான மொழிபெயர்ப்பில் கொண்டுபோய் விடும். இந்தச் சொல்லுக்குள் இருப்பது ஒரே ஒரு படம். அதை ஒருமுறை சரியாகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான பொருள்களை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

கீழே விழுந்த கண்ணாடி டம்ளர்

தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளர் ஒன்று கைதவறித் தரையில் விழுகிறது. என்னென்ன நடக்கிறது?

விழும் வரை அது ஒரே பொருள். தரையில் மோதியதும் ஒரே நொடியில் பல துண்டு. விளிம்பிலிருந்து அடிவரை விடாமல் ஓடிய தொடர்ச்சி அறுந்துபோகிறது. அதில் இனி தண்ணீர் குடிக்க முடியாது. இதுவரை உள்ளே அடங்கியிருந்த தண்ணீர் வெளியே ஓடுகிறது.

கையால் தொடக்கூடிய ஒரு பொருளுக்கு இப்படி நேர்வதைச் சொன்னால் அது நேர்ப்பொருள். அதாவது, சொல் எதைக் காட்டுகிறதோ அதுவே அப்படியே நடந்திருக்க வேண்டும்.

இங்கேயே முதல் தவறு ஆரம்பிக்கிறது. 'பிரேக்' என்றால் 'உடை' என்று எழுதி வைத்துக்கொள்கிறோம். நேர்ப்பொருளில்கூட இந்தக் கணக்கு சரியாக வராது. தமிழில் தட்டு உடையும், குச்சி ஒடியும், எலும்பு முறியும், சங்கிலி அறும். பொருள் எப்படிப்பட்டது என்பதைப் பார்த்து நாம் வினையை மாற்றுகிறோம். ஆங்கிலம் இந்த நான்கையும் ஒரே 'பிரேக்'கில் அடக்கிவிடும். அதற்காக எல்லாவற்றையும் அடக்கிவிடுவதில்லை. துணியும் காகிதமும் 'பிரேக்' ஆகா. அவற்றுக்கு 'டேர்' என்று தனி வினை உண்டு, நாம் 'கிழி' என்பதைப் போல.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 'கிராக்' என்றால் விரிசல், பொருள் இன்னும் ஒன்றாகவே இருக்கலாம். 'ஷாட்டர்' என்றால் சுக்குநூறு. 'ஸ்னாப்' என்றால் 'படக்'கென்று ஒடிவது. 'பிரேக்' இவை எதையும் குறிப்பாகச் சொல்லாத பொதுச்சொல்.

அடித்தேன், உடைத்தேன்: வித்தியாசம் எங்கே?

"கண்ணாடியை அடித்தேன், ஆனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை." இந்த வாக்கியத்தில் குறையில்லை. "கண்ணாடியை உடைத்தேன், ஆனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை." இது முன்னுக்குப் பின் முரண்.

ஏனென்றால் 'அடி' என்பது நாம் செய்த செயலைச் சொல்கிறது. 'உடை' என்பது அந்தப் பொருளுக்கு நேர்ந்த விளைவைச் சொல்கிறது. கல்லால் உடைத்தோமா, கையாலா, கொதிநீர் ஊற்றியதால் உடைந்ததா என்பதைப் பற்றி அந்த வினைக்கு அக்கறையில்லை. சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1970-இல் ஆங்கிலத்தின் 'ஹிட்', 'பிரேக்' என்ற இரண்டையும் அருகருகே வைத்து இந்த வேறுபாட்டை ஆராய்ந்தார். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி வாக்கியத்தில் வந்தாலும் வெவ்வேறு குடும்பம் என்று காட்டினார்.

நமக்கு வேண்டியதும் இதுதான். 'பிரேக்' வழியைச் சொல்வதில்லை, முடிவை மட்டும் சொல்கிறது. அதனால்தான் கையோ கல்லோ தேவைப்படாத இடங்களுக்கும் அதால் எளிதாகப் போக முடிகிறது. வாக்கை 'பிரேக்' செய்யக் கல் வேண்டாமே.

உடையாமலேயே 'பிரோக்கன்'

நேர்ப்பொருளுக்கும் உருவகப் பொருளுக்கும் நடுவே ஒரு நிழல் பகுதி இருக்கிறது. "மை ஃபோன் இஸ் பிரோக்கன்" என்று ஒருவர் சொன்னால் திரை நொறுங்கியிருக்கலாம். கீறல்கூட விழாமல் உயிரே வராமல் கிடக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டும் 'பிரோக்கன்'தான்.

டம்ளர் படத்தில் கடைசிக்கு முந்தைய அம்சத்தை நினைத்துப் பாருங்கள்: பயன் போய்விட்டது. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, துண்டாவதை விட்டுவிட்டால் இந்தப் பொருள் வந்துவிடும். தமிழில் இதற்கு 'பழுது', 'ரிப்பேர்', 'கெட்டுப்போச்சு' என்கிறோம். 'ஃபோன் உடைஞ்சிருச்சு' என்றால் கேட்பவர் உடனே திரையைத்தான் பார்ப்பார். அதனால் லிஃப்டின் முன்னால் தொங்கும் 'பிரோக்கன்' அட்டையை 'உடைந்துள்ளது' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் துண்டுகளைத் தேடுவார். 'பழுதாகியுள்ளது' என்பதுதான் சரி.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: 'பிரேக்' என்பது விளைவைச் சொல்லும் வினை. அந்த விளைவுக்குப் பல அம்சங்கள் உண்டு. எல்லா அம்சமும் இருந்தால் நேர்ப்பொருள். சிலதை மட்டும் எடுத்துக்கொண்டால் பொருள் நகரத் தொடங்குகிறது.

ஒரு படம், நான்கு மூலைகள்

ஒன்றை இன்னொன்றாகவே, பெரும்பாலும் தொட முடியாததைத் தொடக்கூடியதாகவே, பாவித்துப் பேசுவது உருவகம். 'முகத்தாமரை' போன்ற செய்யுள் உதாரணங்களோடு இதைப் பள்ளியில் படித்ததால், கவிஞர்களின் சொத்து என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அன்றாடப் பேச்சு முழுக்க உருவகத்தால்தான் ஓடுகிறது என்பதை மொழியியலாளர் ஜார்ஜ் லாகாஃப், தத்துவ அறிஞர் மார்க் ஜான்சன் ஆகிய இருவரும் 1980-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். நேரத்தைச் 'செலவழிக்கிறோம்', விலை 'ஏறுகிறது', கோபம் 'கொதிக்கிறது'. இவற்றைச் சொல்லும்போது யாரும் கவிதை எழுதுவதாக நினைப்பதில்லை.

'பிரேக்'கின் உருவகப் பொருள்கள் டம்ளர் படத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் மூலை, பிணைப்பு அறுவது. வாக்குறுதி, சட்டம், விதி, ஒப்பந்தம் எல்லாம் நம்மைக் கட்டிப் போடுபவை. ஆங்கிலத்தில் இவை எல்லாமே 'பிரேக்' ஆகும். தமிழ் இங்கே என்ன செய்கிறது என்று பாருங்கள். வாக்குத் 'தவறு'கிறோம், கால் தவறுவது போல. சட்டத்தை 'மீறு'கிறோம், எல்லையைத் தாண்டுவது போல. ஒப்பந்தத்தை 'முறி'க்கிறோம், கிளையை முறிப்பது போல. ஆங்கிலம் ஒரே படத்தை மூன்று முறை பயன்படுத்தும் இடத்தில் நம்மிடம் மூன்று வெவ்வேறு படங்கள் இருக்கின்றன.

இரண்டாவது மூலை, தொடர்ச்சியில் இடைவெளி. மௌனம், தூக்கம், பயணம், பழக்கம், உண்ணாநோன்பு ஆகியவை விடாமல் நீள்பவை. நடுவில் ஏதோ ஒன்று புகுந்தால் அது 'பிரேக்'. இரவெல்லாம் சாப்பிடாமல் இருந்த நோன்பு காலையில் முடிவதால் காலை உணவுக்கு 'பிரேக்ஃபாஸ்ட்' என்று பெயர். அதில் உள்ள 'ஃபாஸ்ட்' வேகம் அல்ல, நோன்பு. வேலைக்கு நடுவே விடும் 'பிரேக்'கும் இதே மூலையிலிருந்து வந்ததுதான். இங்கே எதுவும் சேதமாகவில்லை என்பதைக் கவனியுங்கள். இடைவெளி மட்டும் விழுகிறது.

மூன்றாவது மூலை, உள்ளே இருந்தது வெளியே வருவது, அல்லது தடை திறப்பது. செய்தி 'பிரேக்' ஆகிறது, புயல் 'பிரேக்' ஆகிறது, பொழுது 'பிரேக்' ஆகிறது. அதுவரை அடங்கியிருந்தது வெளிப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மனியின் எனிக்மா சங்கேதங்களைப் படித்துக் காட்டியவர்களை 'கோட் பிரேக்கர்' என்றார்கள். மூடியதைத் திறந்தவர்கள் என்ற பொருள். தமிழில் புதிரை 'அவிழ்'ப்போம். நமக்கு அது முடிச்சு.

நான்காவது மூலை, பிடிமானம் போவது. மனம், மன உறுதி, வேலைநிறுத்தம், காய்ச்சல் எல்லாம் இங்கே வரும். முதலில் பார்த்த காய்ச்சல் புதிருக்கு விடையும் இதுதான். உடம்பைப் பிடித்திருந்த காய்ச்சலின் பிடி தளர்கிறது. போவது காய்ச்சலின் வலு, நோயாளியின் வலு அல்ல. அதனால் நல்ல செய்தி. தமிழில் 'காய்ச்சல் விட்டது' என்கிறோம். பிடித்தது விட்டது. படம் ஏறக்குறைய ஒன்றேதான், வினை மட்டும் வேறு.

இந்தச் சொல்லின் வயதையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஆங்கிலத்தில் இது 'பிரெகன்'. லத்தீன் மொழியின் 'ஃபிராங்கெரெ' என்ற வினை இதற்குத் தூரத்து உறவு. அந்த லத்தீன் வழியில்தான் 'ஃபிராக்சர்', 'ஃபிராக்‌மென்ட்', கணக்கில் வரும் 'ஃபிராக்‌ஷன்' எல்லாம் வந்தன. பின்னம் என்றால் உடைந்த எண். நம் 'பின்னம்' என்ற சொல்லும் பிளந்தது, உடைந்தது என்று பொருள்படும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான். சிதைந்த சிலையைப் 'பின்னமான சிலை' என்கிறோமே, அதே பின்னம். இரண்டு மொழிகளிலும் ஒரே உருவகம் கணக்குப் பாடத்துக்குள் நுழைந்திருக்கிறது.

தானாக உடையுமா, யாராவது உடைக்க வேண்டுமா?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். எழுதும்போது நேரும் தவறுகளில் பல இங்கேதான் பிறக்கின்றன.

தமிழில் 'உடைத்தேன்' வேறு, 'உடைந்தது' வேறு. முதலாவது பிறவினை, ஒருவர் செய்ய நடப்பது. இரண்டாவது தன்வினை, தானே நிகழ்வது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம்: "ஐ பிரோக் தி கிளாஸ்", "தி கிளாஸ் பிரோக்". அப்படியானால் எல்லாவற்றையும் இரு பக்கமும் திருப்பிப் போடலாமா? முடியாது.

"ஹி பிரோக் தி லா" சரி. "தி லா பிரோக்" தவறு. "ஷி பிரோக் ஹெர் பிராமிஸ்" சரி. "ஹெர் பிராமிஸ் பிரோக்" என்று யாரும் எழுதுவதில்லை. காரணம் எளிது. டம்ளர் காற்றில் சாய்ந்து தானாகவும் உடையலாம். சட்டம் தானாக மீறப்படாது, மீற ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் நடக்கவே முடியாத நிகழ்ச்சியில் அந்த ஆளை வாக்கியத்திலிருந்து கழற்றிவிட ஆங்கிலம் அனுமதிப்பதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. "தி டே பிரோக்" என்றால் பொழுது விடிந்தது. அதை யாரும் விடிய வைக்க முடியாது. ஆகவே "ஐ பிரோக் தி டே" கிடையாது. புயலும் அப்படித்தான்.

செய்தி மட்டும் இரண்டு பக்கமும் போகும், ஆனால் பொருள் மாறிவிடும். "தி நியூஸ் பிரோக்" என்றால் செய்தி ஊருக்குத் தெரியவந்தது. ஒருவரிடம் "பிரோக் தி நியூஸ்" என்றால் பெரும்பாலும் கெட்ட செய்தியைச் சம்பந்தப்பட்டவரிடம் எடுத்துச் சொன்னார் என்று பொருள். அந்தச் சொல்லில் ஒரு தயக்கமும் பக்குவமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சுருக்கமாக: தானாக நடக்கக்கூடியது என்றால் ஆளில்லாத வாக்கியம் வரும். ஆள் தேவை என்றால் ஆளோடுதான் வரும்.

நம் 'உடை' போகும் வழி வேறு

தமிழ் 'உடை'க்கும் உருவகப் பொருள்கள் நிறைய உண்டு. மனம் உடைகிறது. குட்டு உடைகிறது. பையன் வளர்ந்து குரல் மாறும்போது மகரக்கட்டு உடைகிறது. இந்தக் கடைசி இடத்தில் ஆங்கிலமும் தமிழும் ஒன்றாகப் போகின்றன, அங்கேயும் குரல் 'பிரேக்' ஆகும்.

ஆனால் 'போட்டு உடைத்துவிட்டான்' என்ற தொடரைப் பாருங்கள். ரகசியத்தைக் கொஞ்சமும் யோசிக்காமல் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான் என்று பொருள். இதை 'பிரோக் தி நியூஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் பக்குவமாகச் சொன்னான் என்று நேர்மாறாகப் புரிந்துகொள்வார்கள். இரண்டு மொழியும் பானையைத்தான் உடைக்கின்றன, ஒன்று மெதுவாக, ஒன்று தரையில் அடித்து.

எதிர்த் திசையிலும் சேதம் நடக்கிறது. 'மௌனத்தை உடைத்தார்' என்று இப்போது செய்திகளில் சாதாரணமாக வருகிறது. புரியாமல் போகாது. ஆனால் தமிழில் மௌனம் 'கலையும்'. தூக்கம் கலையும், கனவு கலையும், மேகம் கலையும், கூட்டம் கலையும். லேசாகக் கூடியிருந்த ஒன்று பிரிந்துபோவதற்கு இவ்வளவு அழகான வினை கையில் இருக்கும்போது அதை மூலையில் போட்டுவிட்டு உடைத்துக்கொண்டிருப்பது நமக்குத்தான் இழப்பு. சாதனையும் அப்படியே. அது 'முறியடி'க்கப்படும்.

பின்னால் ஒட்டும் சின்னச் சொற்கள்

வினையோடு 'அப்', 'டவுன்', 'அவுட்' போன்ற சிறுசொல் சேர்ந்து தனிப்பொருள் தருவதை 'ஃபிரேசல் வெர்ப்' என்பார்கள். இவற்றை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும் என்றாலும், சிறுசொல் காட்டும் திசையைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடியும்.

'டவுன்' கீழே. வண்டி வழியில் நின்றுபோகும், ஆள் தேம்பி அழுதுவிடுவார், பேச்சுவார்த்தை முறியும், மொத்தக் கணக்கு இனவாரியாகப் பிரியும். 'அவுட்' வெளியே. போர் மூளும், நோய் பரவத் தொடங்கும், கைதி தப்புவார். 'இன்' உள்ளே. திருடன் புகுவான். புதுச் செருப்பைப் போட்டு நடந்து பழக்குவதும் 'பிரேக் இன்'தான், இதற்குத் திசை அவ்வளவாக உதவாது. 'அப்' என்றால் பிரிந்து போவது. காதலர் பிரிவார்கள், கூட்டம் கலையும், ஃபோனில் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். 'ஆஃப்' என்றால் பாதியில் விலகுவது. நிச்சயமான திருமணத்தை முறிப்பதும், பேச்சைச் சட்டென நிறுத்துவதும் இதில் வரும். 'பிரேக் ஈவன்' என்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, போட்ட பணம் வந்துவிட்டது.

'பிரேக் எ லெக்' இந்த வரிசையில் சேராது. மேடையேறப் போகும் நடிகரை வாழ்த்தும் தொடர் அது. உள்ளே இருக்கும் சொற்களைக் கூட்டிப் பார்த்தால் பொருள் கிடைக்காத இப்படிப்பட்ட தொடர்தான் மரபுத்தொடர். இதை மூலை தேடிக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

"வென் டே பிரோக், ஹிஸ் ஃபீவர் ஹேட் பிரோக்கன். ஹிஸ் வைஃப் பிரோக் தி சைலன்ஸ் அண்ட் பிரோக் தி நியூஸ் அபவுட் ஹிஸ் பிரதர். ஹி பிரோக் டவுன்."

ஐந்து 'பிரேக்'. ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி கேளுங்கள். எது 'பிரேக்' ஆனது, அதைத் தொட முடியுமா? அதற்கு முன் எது முழுதாக, அல்லது தொடர்ச்சியாக இருந்தது? 'பிரேக்' ஆனபின் மிஞ்சியது சேதமா, இடைவெளியா, திறப்பா, விடுதலையா?

பொழுதைத் தொட முடியாது. இருள் தொடர்ந்திருந்தது, ஒளி வெளிப்பட்டது. திறப்பு. காய்ச்சல் பிடித்திருந்தது, பிடி போனது. விடுதலை. மௌனம் நீண்டிருந்தது, பேச்சு புகுந்தது. இடைவெளி. செய்தி அடங்கியிருந்தது, மனைவி பக்குவமாக வெளியே கொண்டுவந்தார். திறப்பு. கடைசியில் அவனுடைய உறுதி. அதுதான் சேதம். ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் சேதம்!

இப்போது எழுதினால்: "பொழுது விடிந்தபோது அவனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மனைவி மௌனம் கலைத்து, தம்பியைப் பற்றிய செய்தியை மெதுவாக எடுத்துச் சொன்னாள். அவன் தாங்க முடியாமல் அழுதுவிட்டான்." 'உடை' ஒருமுறைகூட வரவில்லை. ஆங்கில மூலத்தில் அண்ணனா தம்பியா என்பது இல்லை. அதை முன்பின் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

'லிட்டரலி' என்ற வம்பு

"மை ஹார்ட் லிட்டரலி பிரோக்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'லிட்டரலி' என்றால் நேர்ப்பொருளில் என்று அர்த்தம். இதயம் துண்டாகவில்லையே! வெறும் அழுத்தத்துக்காக இந்தச் சொல்லைப் போடும் வழக்கம் ஆங்கிலத்தில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு, அகராதிகளும் பதிவு செய்திருக்கின்றன. ஆனாலும் தேர்விலோ அலுவலகக் கடிதத்திலோ தவிர்ப்பது நல்லது. படிப்பவர் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் வாக்கியமே குழம்பிவிடும்.

கடும் துயரமோ அதிர்ச்சியோ தாக்கும்போது சிலருக்கு இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாக உப்பிப் பலவீனமாகும். 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதை விவரித்து, அந்த வடிவம் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போல இருந்ததால் 'டாகோட்சுபோ' என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'பிரோக்கன் ஹார்ட் சிண்ட்ரோம்'. அதிலும் எதுவும் உடைவதில்லை. நிஜமான இதய நோயின் பெயரில்கூட இந்தச் சொல் உருவகமாகத்தான் நிற்கிறது.

எழுதும்போது கைதவறும் இடங்கள்

வண்டியை நிறுத்தும் பிரேக் வேறு சொல். ஒலி ஒன்றுதான், ஆங்கில எழுத்து வேறு. உடைவதைச் சொல்லும் சொல்லில் ஆர்-க்குப் பிறகு இ, ஏ, கே. வண்டி பிரேக்கில் ஏ, கே, இ. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் ஆங்கிலத்தில் எழுதும்போது நமக்கு இது கூடுதலாகக் குழம்பும்.

இன்னொன்று 'பிரோக்', 'பிரோக்கன்'. "ஐ பிரோக் இட்" இறந்தகாலம். "இட் இஸ் பிரோக்கன்" இப்போதைய நிலை. ஆனால் 'பிரோக்'கைத் தனியாக ஓர் ஆளுக்குப் பெயரடையாகப் போட்டால் கையில் காசில்லை என்று பொருள். "ஐ ஆம் பிரோக்" என்று நண்பர் செய்தி அனுப்பினால் கொஞ்சம் பணம் கேட்கப் போகிறார். "ஐ ஆம் பிரோக்கன்" என்று அனுப்பினால் மனம் நொறுங்கிக் கிடக்கிறார், உடனே ஃபோன் செய்யுங்கள்.